பென்சிலால் அடித்த வரி

அத்தியாயம் 17

கழுத்துக் கட்டைப் பிரித்த நர்ஸ், பிரித்த வேகத்திலேயே மூடிவிட்டு, "டாக்டர் வந்து பார்க்கட்டும்" என்று சொன்னதோடு போன வாரம் நின்றிருந்தோம். என்றைக்கோ ஆறியிருக்க வேண்டிய புண், வாயைப் பிளந்தபடி அப்படியே கிடந்தது.

அந்தப் புண்ணுக்குச் சொந்தக்காரன் வாலு. நான்கு வயது. மூன்று அக்கா தங்கைகளில் கடைசியானவளின் ஒரே மகன். நாலு மாதத்துக்கு முன்னால் அவன் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியது. வேறொரு மருத்துவமனையில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். மூன்று மாதம் வேளை தவறாமல் மருந்து. கட்டி கரைவதற்குப் பதிலாக வீங்கியது. பிறகுதான் இங்கே கொண்டுவந்து கீறி எடுத்தார்கள். கீறிய இடம் மூன்று வாரமாகியும் மூடவில்லை.

"இங்கே" என்றால் நடுவள் வேலை செய்யும் இடம். மூவரில் நடுவில் பிறந்ததால் வீட்டில் அவள் பெயர் "நடு". மருத்துவமனையில் திசுப் பரிசோதனை டாக்டர். உடம்பிலிருந்து அறுத்தெடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதித் தருவது அவள் வேலை. மிச்ச நேரத்தில், புண் எப்படி ஆறுகிறது என்று ஆராய்ச்சி. "ஆறின புண்ணைக் கிளறிப் பார்க்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று தங்கை கேலி செய்வாள். இந்த மூன்று வாரமாக அந்தக் கேலி இல்லை.

நடு தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். சொந்தக்காரர் யாருடைய துணுக்கையும் அவள் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பாள். அதனால் வாலுவின் கழுத்திலிருந்து எடுத்ததைத் துறைத்தலைவரே வாங்கிக்கொண்டார்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் ஆள் அனுப்பினார்.

அவர் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் இருந்தது. கண்ணாடித் தகடு ஏற்கெனவே அதில் ஏறியிருந்தது.

"உட்காருங்க டாக்டர். உங்க விதி எனக்குத் தெரியும். நான் பார்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன். இனிமே நீங்க பார்த்தா தப்பில்லை."

நடு குனிந்தாள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு வயல் விரிந்தது. விபத்து நடந்த இடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடுவதுபோல அணுக்கள் வட்டம் வட்டமாகத் திரண்டு நின்றன. மையத்தில் சீழ்.

"கூட்டம் போட்டு நிக்குது" என்றாள்.

"காசநோய்லயும் இப்படித்தான் நிக்கும். அதை நம்பித்தான் அந்த ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்திருக்காங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. இப்ப ஓரமா நகர்த்தறேன். அந்தப் பெரிய அணுக்களுக்குள்ள பாருங்க. என்ன நிறம்?"

நடு திருகைத் திருப்பி இன்னும் கூர்மையாக்கினாள்.

"டாக்டர்?"

"பழுப்பு, சார். மஞ்சள் கலந்த பழுப்பு."

"அதேதான். காசநோய்ல இந்த நிறம் இருக்காது. பார்த்திருக்கீங்களா, இதுக்கு முன்னாடி?"

 அவர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தகட்டை ஏற்றினார். இது வெள்ளிச் சாயம் ஏற்றியது. பச்சைப் பின்னணியில் கறுப்பு இழைகள், கிளை பிரிந்து கிளை பிரிந்து ஓடின.

"பூஞ்சை" என்றார். "நாம தினம் மூச்சுல இழுக்கிற சாதாரணப் பூஞ்சை. நம்ம உடம்பு அதைச் சட்டை பண்றதே இல்லை. இந்தப் பையன் உடம்புல அது குடித்தனம் நடத்துது. முந்தாநாள் அனுப்பின ரத்தப் பரிசோதனையும் காலையில வந்துடுச்சு. வெள்ளை அணு கிருமியை விழுங்குது. விழுங்கினதைக் கொல்லத் தெரியலை. பிறவிக் கோளாறு. ரெண்டு லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வந்தா உண்டு."

"புண் ஆறாததும்..."

"அதனாலதான். உங்க ஆராய்ச்சிக்கே வேலை வச்சிருக்கான் பையன்." அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "நல்ல செய்தியா எடுத்துக்குங்க. நோய் என்னன்னு தெரிஞ்சுடுச்சு. பூஞ்சைக்கு மருந்து இருக்கு. கிருமி அண்டாம இருக்கத் தினமும் கொடுக்க மருந்து இருக்கு. எலும்பு மஜ்ஜை பொருந்தி மாத்தினா முழுசாவே குணமாகலாம். வீட்டுல எல்லார் ரத்தமும் இன்னைக்கே எடுத்துடச் சொல்லியிருக்கேன்."

"சரி சார்."

"ஒண்ணு கேட்கணும். இவனுக்கு வந்திருக்கிற வகை அம்மா வழியா வர்றது. பெண்களுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. பிறக்கிற ஆண் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும். உங்க வீட்டுல சின்ன வயசுல போன ஆண் குழந்தை யாராவது?"

"அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தானாம். நடக்க ஆரம்பிச்ச வயசுல போயிட்டானாம். காய்ச்சல்னு சொல்வாங்க."

"வேற?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள். நடு தகட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பெரியக்கா பையன். சிட்டுன்னு கூப்பிடுவோம். மூணு வயசு. பன்னிரண்டு வருஷமாச்சு."

"என்னன்னு சொன்னாங்க?"

"காசநோய்."

"துணுக்கு எடுத்துப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. இங்கதான் சார் பார்த்தது."

துறைத்தலைவர் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். "அப்ப மெழுகுக் கட்டை கீழே இருக்கும்" என்றார்.

*

அடித்தளத்துக் கிடங்கில் வருஷ வாரியாக இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு மெழுகுக் கட்டைகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் யாரோ ஒருவருடைய உடம்பின் ஒரு சிட்டிகை. மெழுகுக்குள் போனது கெடாது. எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் மறுபடி சீவலாம்.

கிடங்குக்குப் பொறுப்பான டெக்னீஷியன் பெண்மணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏணியில் நின்றாள்.

"நம்பர் சொல்லுங்க டாக்டர்."

நடு பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

"மனப்பாடமா வச்சிருக்கீங்க."

"சில நம்பர் மறக்காது."

டெக்னீஷியன் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள். "நல்லா இருக்கு. மேலே போய்ச் சீவிடறேன். ரெண்டு சாயமும் ஏத்தணும்னா ரெண்டு மணி நேரம் கொடுங்க. அதோட விண்ணப்பத் தாளும் கோப்புல இருக்கும். கடைசி அலமாரி."

இந்தக் குடும்பத்தைத் தொடக்கத்திலிருந்து படித்து வருபவர்களுக்கு அத்தானைத் தெரியும். வீட்டு வாசலுக்கு வந்தாலும் படியேறாதவர், கல்யாண வீட்டிலும் கடைசி வரிசைக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நிற்பவர், குழந்தை யாராவது ஓடிவந்தால் இரண்டடி பின்வாங்குபவர். பெரியக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வயதில் காசநோய் வந்து, முழு மருந்தும் சாப்பிட்டுக் குணமானவர். குணமானவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஆனால் சிட்டுவுக்கும் அதே நோய் என்று தாள் வந்த நாளில் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பிள்ளை போன அந்த வாரமே அவர் ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனார். போகச் சொன்னவர் யாருமில்லை. இரு என்று சொன்னவரும் இல்லை.

நடு கடைசி அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துத் திறந்தாள்.

பழைய விண்ணப்பத் தாள். மேலே சிட்டுவின் வயது, எடை, வார்டு. "நோய் விவரம்" என்ற கட்டத்தை வார்டு டாக்டர் அவசரத்தில் காலியாக விட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் நீல மையில் ஒரு வரி:

"தகப்பனுக்கு முன்பு காசநோய் இருந்தது."

அவளுடைய கையெழுத்து.

அப்போது அவள் பயிற்சி டாக்டர். அக்கா பையனின் துணுக்கு என்று தெரிந்ததும், நானே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கியவள். வேறு யார் பார்த்திருந்தாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்திருக்கும். அத்தானின் பழைய நோய் அவளுக்கு எப்படித் தெரியும்? குடும்பத்துக்குள் இருந்ததால் தெரியும். அந்த ஒரு வரியைத் தானே எழுதி, தானே நம்பி, அதன்மேல் மிச்சத்தையும் எழுதியிருக்கிறாள். "காசநோய்க் கிருமி தென்படவில்லை. ஆனாலும் காசநோய் என்றே கொள்ளலாம்."

அதற்குக் கீழே, ஓரத்தில், பென்சிலில்:

"பெரிய அணுக்களில் பழுப்பு நிறம்?"

அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், "சாயக் கறை."

நடு அந்த இரும்பு அலமாரியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.  இப்படி ஒரு வரி எழுதிய ஞாபகமே அவளுக்கு இல்லை. தவறவிட்டுவிட்டோம் என்பதுதான் அவளுக்கு இதுவரை இருந்த பயம். கண்ணில் படாமல் போயிருக்கலாம், அனுபவம் இல்லாத வயசு என்று ஒரு சமாதானம் மிச்சமிருந்தது. இப்போது அதுவும் இல்லை. பார்த்திருக்கிறாள். சரியாகவே பார்த்திருக்கிறாள். பார்த்ததை அடித்திருக்கிறாள்.

தாளின் அடியில் அப்போதைய துறைத்தலைவரின் கையெழுத்து, கிறுக்கலாக. பாரத்தை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நடந்துவிடலாம். இல்லை என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை.

ஒரு மணிக்குப் புதிய தகடுகள் வந்தன. துறைத்தலைவர் எதிரில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பழுப்பு நிறம் அங்கே இருந்தது. வெள்ளிச் சாயத் தகட்டில் கறுப்பு இழைகளும் இருந்தன.

"மரபணுவுக்கும் அனுப்பலாம்" என்றார் அவர். "ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கு?"

"இல்லை சார். இந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். 

"திருத்தம் எழுதணும்" என்றார். "நான் எழுதட்டுமா?"

"நானே எழுதறேன்."

*

வார்டில் தங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாலுவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததும் கதையில் வந்த யானை பாதி வழியில் நின்றது.

"சொல்லு. எதுவா இருந்தாலும் நேரா சொல்லு. வழவழன்னு பேசாத."

நடு நேராகச் சொன்னாள். நோயின் குணம், மருந்து, எலும்பு மஜ்ஜை, எல்லாம். தங்கை இடையிடையே "சரி", "சரி" என்றாள். "குணமாகும்னு சொல்றாங்களா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை ஆமாம் என்று கேட்டபிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எதுக்கு உன் முகம் இப்படி இருக்கு?"

"இது நம்ம அம்மா வழியா வர்றது. உனக்கும் இருக்கு. எனக்கும் இருக்கலாம்."

"என்கிட்டயிருந்தா இவனுக்கு?"

"உன் தப்பு ஒண்ணுமில்லை. கண்ணோட நிறம் மாதிரி அது."

தங்கை வாலுவின் தலையைத் தடவினாள். தடவிய கை சட்டென்று நின்றது. அவளுக்குப் புத்தி எப்போதும் கத்திதான்.

"பெரியக்காவுக்கும் இருக்குமா?"

"ம்."

"அப்ப சிட்டு?"

நடு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சிட்டுவுக்குக் காசநோய் இல்லையா?" தங்கை நடுவின் முழங்கையைப் பிடித்தாள். "அத்தானால இல்லையா?"

"இல்லை."

"எப்ப தெரிஞ்சது?"

"ஒரு மணி நேரம் ஆகுது. பழைய கட்டையை எடுத்து மறுபடி சீவிப் பார்த்தோம்."

"பாவிங்க. யாரு அக்கா அப்படி எழுதினது? நல்ல மனுஷனைப் பன்னிரண்டு வருஷம் தீண்டாம வச்சிருந்தோமே. எவன் எழுதினான்?"

"நான்."

 வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீன்னா?"

"நான்தான் பார்த்தேன். நான்தான் எழுதினேன். அத்தானுக்கு முன்னாடி அந்த நோய் இருந்ததுங்கிறதையும் நான்தான் எழுதிவச்சேன்."

நடுவின் முழங்கையைப் பிடித்திருந்த கையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவள் கத்துவாள். வீடு முழுக்கத் தெரியும். இன்று கத்தவில்லை. போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

"பெரியக்காவுக்கு நான் போன் பண்ணியாச்சு. ரத்தம் கொடுக்கணும், ஆபீஸ் முடிஞ்சதும் வான்னு சொல்லியிருக்கேன். அவ வர்றதுக்குள்ள நீ போ. முதல்ல அத்தான்கிட்டச் சொல்லு. அதுக்கப்புறம் என்கிட்டப் பேசு."

*

எட்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் ஒரு மஞ்சள் பலகை: "பழுது பார்க்கப்படுகிறது." உள்ளே பெட்டி இல்லை. குழிக்குள்ளிருந்து ஸ்பேனர் சத்தம் வந்தது.

"அத்தான்."

சத்தம் நின்றது. தரைமட்டத்தில் ஒரு தலை தெரிந்தது. மூக்குக்குக் கீழே இறங்கியிருந்த முகக்கவசத்தை அவர் கை உடனே மேலே இழுத்தது.

"என்ன நடு, இவ்வளவு தூரம்? வாலுவுக்கு என்ன?"

"வாலு நல்லாயிடுவான். கொஞ்சம் மேல வாங்க."

"கையெல்லாம் கிரீஸ்."

"இருக்கட்டும்."

ஏணி வழியாக ஏறிவந்தார். நரைத்த கிராப்பில் ஒட்டடை. வழக்கம்போல ஆறடி தள்ளி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நின்றுகொண்டார். வழியெல்லாம் நடு கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் அவரை அப்படிப் பார்த்ததும் அறுந்து உதிர்ந்தன.

"சிட்டுவுக்குக் காசநோய் இல்லை, அத்தான்."

"எந்தச் சிட்டு?"

உலகத்தில் இன்னொரு சிட்டு இருப்பதுபோலக் கேட்டார்.

"நம்ம சிட்டு."

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, மறுபடி முதல் பக்கத்தைத் துடைத்தார்.

"அப்ப வேற என்ன?"

சொன்னாள். வாலுவுக்கு இருப்பதைச் சொன்னாள். மெழுகுக் கட்டையைச் சொன்னாள். பூஞ்சையைச் சொன்னாள். அவர் மோட்டார் கோளாறு கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

"அது எப்ப வந்துச்சு அவனுக்கு?"

"பிறக்கும்போதே இருந்தது. எங்க அம்மா வழியில."

"என் வழியில இல்லையா?"

"இல்லை."

"மூச்சு வழியா?"

"இல்லை அத்தான். அது யார்கிட்டயிருந்தும் யாருக்கும் ஒட்டுற நோய் இல்லை. உங்ககிட்ட இருந்தது, அவன் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுச்சு."

மேலே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் குழி வழியாக இறங்கிவந்தது. "லிஃப்ட் எப்பங்க வரும்?"

"பத்து நிமிஷம்மா" என்றார் அவர், அண்ணாந்து, சாதாரணக் குரலில். பிறகு மெதுவாகச் சரிந்து, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"கடைசி மாசம் நான் அவனைத் தூக்கவே இல்லை நடு" என்றார். "ரிப்போர்ட் வந்த நாள்லயிருந்து. கட்டில்ல இருந்துக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டுவான், அப்பா தூக்குன்னு. நான் வாசல்ல நின்னு கையை ஆட்டுவேன். இன்னும் கொஞ்சம் என் மூச்சு பட்டுடக் கூடாதுன்னு."

நடுவுக்கு அவர் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றியது. அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாரு தப்பாப் பார்த்தது?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"பழுப்பா ஒண்ணு தெரிஞ்சது. எழுதியும் வச்சேன். அப்புறம் சாயக் கறைன்னு நானே அடிச்சுட்டேன். உங்களுக்குக் காசநோய் இருந்தது எனக்குத் தெரியும். அதனால அதுதான்னு முடிவு கட்டிட்டேன். அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கேன்."

அவர் தாளுக்குக் கை நீட்டவில்லை. எழுந்தார். குழிக்குள் இறங்கினார். ஸ்பேனர் சத்தம் மறுபடி தொடங்கியது. நிதானமாக, ஒரு போல்ட் விடாமல். நடு அந்த மஞ்சள் பலகையின் பக்கத்தில் நின்றாள். போகச் சொல்லியிருந்தால் போயிருப்பாள். அவர் மேலே ஏறிவந்து சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் உறுமியது. பெட்டி மேலே போய்க் கீழே வந்தது. எட்டாவது மாடிப் பெண் ஒரு தள்ளுவண்டியோடும் அதில் தூங்கும் குழந்தையோடும் இறங்கினாள். அத்தான் பழக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். வண்டி போனபிறகு, தான் ஒட்டிக்கொண்டு நின்ற சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பலகையை எடுத்து மடக்கினார்.

"உன்னை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். "திட்டணும்னு இருக்கு. வாய் வரலை. நாளைக்கு வரும்னு நினைக்கிறேன்."

"எப்ப வந்தாலும் திட்டுங்க."

"வாலு எந்த வார்டு?"

*

வார்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். கால் அதற்கு மேல் போகவில்லை. கதவுக்கும் கட்டிலுக்கும் பத்தடி கூட இருக்காது.

"உள்ள வாங்க அத்தான்" என்றாள் தங்கை.

"பார்த்துட்டேன். இங்கயிருந்தே தெரியுது."

"அது தெரியும். உள்ள வாங்க. அந்த நீல அங்கியை மாட்டிக்கங்க. கை கழுவுங்க. மாஸ்க் போட்டுக்கங்க. அவனுக்குக் கிருமி ஆகாதுங்கிறதால எல்லாரும் போடணும், உங்களுக்கு மட்டும் இல்லை."

எல்லோரும் என்ற சொல் அவரை என்னவோ செய்தது. நடுவும் முகக்கவசம் கட்டினாள், தங்கையும் கட்டியிருந்தாள், நர்ஸும் கட்டியிருந்தாள். அந்த அறையில் அவர் ஒருவர் மட்டும் தனி ஆளாகத் தெரியாதது அன்றுதான். கையை முழங்கை வரை, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். நக இடுக்குக் கிரீஸ் போகும்வரை விடவில்லை. பிறகு கட்டிலோர நாற்காலியின் நுனியில் வந்து உட்கார்ந்தார்.

வாலு கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினான். "நீங்க யாரு?"

"பெரியப்பா."

"லிஃப்ட் பெரியப்பாவா? லிஃப்ட்டுக்குக் கீழே என்ன இருக்கும்?"

"ஒரு பெரிய குழி இருக்கும்."

"குழிக்குள்ள?"

"பெரிய ஸ்பிரிங் இருக்கும். உன்னை விட உயரம்."

"பொய்."

"வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

அதற்குமேல் வாலுவுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. போர்வையை உதைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். அத்தானின் இரண்டு கைகளும் காற்றில் நின்றன. எங்கே வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. தங்கை அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்து, மகனின் முதுகில் கொண்டுபோய் வைத்தாள். மற்றது தானாக வந்து சேர்ந்தது.

நடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் பெரியக்கா வந்ததை அவள் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டாள்.

"இவரை யாரு உள்ள விட்டது?"

தபால் அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் பை, கையில் குடை. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "குழந்தை படுத்திருக்கிற இடத்துல."

அத்தான் வாலுவை இறக்கிவிடப் பார்த்தார். வாலு அங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பெரியக்கா, உட்காரு" என்றாள் நடு.

"ரத்தம் எடுக்கணும்னு வரச் சொன்னாங்க. உட்கார வரலை."

"சிட்டுவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் எதிரில் யாரும் உச்சரித்ததில்லை. பெரியக்கா உட்கார்ந்தாள். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மூன்றாவது முறையாக நடு சொன்னாள். இந்த முறை தன் தப்பிலிருந்து தொடங்கினாள். பிறகுதான் நோய்க்கு வந்தாள்.  நடு சொல்லி முடித்தபோதும் பெரியக்கா அவளைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை. குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

நர்ஸ் ஊசித் தட்டோடு எட்டிப் பார்த்தாள். "யாருக்கு முதல்ல எடுக்கணும்?"

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றாள் தங்கை. நர்ஸ் போய்விட்டாள்.

"நடு" என்றாள் பெரியக்கா கடைசியில்.

"சொல்லு பெரியக்கா."

"அவன் போன அன்னைக்கு, அந்தத் தாழ்வாரத்துல, உன் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டு நான் ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

நடுவுக்கு ஞாபகம் இருந்தது. அவன் போனதுக்குப் பதிலா இவர் போயிருக்கக் கூடாதா என்று சொன்னாள். அதை யாரிடமும் நடு சொன்னதில்லை.

"இருக்கு."

"அவர் அப்ப தண்ணி வாங்கப் போயிருந்தார்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்." பெரியக்கா இப்போது நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் கணவனின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அது உங்க காதுல விழுந்துதா?"

அத்தானின் கை வாலுவின் முதுகில் அசையாமல் இருந்தது.

"விழுந்தது" என்றார்.

"என்ன விழுந்தது?" என்று வாலு கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.